வெளிநாட்டில் பசுமைத் துறையில் பணியாற்றுவோரின் தொழில்முறைத் தொடர்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறந்த நாட்டை விட்டு வேறொரு நாட்டில் சூரிய மின்சாரம், காற்றாலை, மின்கலச் சேமிப்பு, பசுமைக் கட்டடம், கார்பன் கணக்கீடு, கழிவு மேலாண்மை போன்ற பணிகளில் இருப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். மூன்று நாடுகளில் இத்துறையில் பணியாற்றிய அனுபவத்திலிருந்தே விடைகளை எழுதியிருக்கிறேன்.

உள்ளூர்க்காரர்களைவிட வெளிநாட்டவருக்குத் தொடர்புகள் ஏன் கூடுதலாகத் தேவைப்படுகின்றன?

சொந்த நாட்டில் வேலை பார்ப்பவருக்குத் தொடர்புகள் தாமாகவே சேர்ந்துவிடுகின்றன. உடன் படித்தவர்கள், முதல் வேலையில் மேலாளராக இருந்தவர், பழைய ஒப்பந்ததாரர், மின் விநியோக நிறுவனத்தில் அனுமதிக் கோப்பைப் பார்த்த பொறியாளர் என்று, அவருடைய வேலையைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லக்கூடியவர்கள் பத்து ஆண்டுகளில் அவரைச் சுற்றி உருவாகிவிடுகிறார்கள். நாடு மாறும்போது அந்த உறவுகள் அறுந்துபோவதில்லை என்றாலும், புதிய இடத்தில் அவற்றுக்கு மதிப்பில்லாமல் போகிறது. உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரோ நீங்கள் நிறுவிய மின்நிலையத்தின் பெயரோ அங்கே யாருக்கும் தெரியாது.

இன்னொரு காரணமும் உண்டு. மின்கட்டமைப்பில் இணைப்புப் பெறுவதற்கான விதிகள், கட்டட அனுமதி நடைமுறை, தீயணைப்புத் துறையின் ஒப்புதல் ஆகியவை நாட்டுக்கு நாடு மாறுபடுகின்றன. எழுத்தில் உள்ள விதியை யாரும் படித்துக்கொள்ளலாம். விண்ணப்பத்தில் எந்தப் படம் விடுபட்டால் கோப்பு திரும்பி வரும், எந்த ஆய்வுக்கு எத்தனை வாரம் காத்திருக்க வேண்டும் என்பனவற்றை அங்கே ஏற்கெனவே வேலை செய்தவர்கள்தான் சொல்ல முடியும். ஆகவே வேலை தேடுவதற்கு மட்டுமல்லாமல், கையில் இருக்கும் வேலையை ஒழுங்காகச் செய்வதற்கும் தொடர்புகள் தேவைப்படுகின்றன.

மற்ற துறைகளிலிருந்து பசுமைத் துறை எவ்வகையில் வேறுபடுகிறது?

இது வேகமாக வளரும் துறை. சர்வதேசப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முகமையான ஐரீனாவின் கணக்குப்படி, புதுப்பிக்கத்தக்க எரிசக்தியில் உலக அளவில் 2022-இல் 1 கோடியே 37 லட்சமாக இருந்த வேலைகள் 2023-இல் 1 கோடியே 62 லட்சமாக உயர்ந்தன. இவ்வளவு வேகமாக வளரும் இடத்தில் பதவிப் பெயர்கள் ஒழுங்குபட்டிருப்பதில்லை. ஒரு நிறுவனத்தில் நிலைத்தன்மை (சஸ்டெயினபிலிட்டி) மேலாளர் என்று அழைக்கப்படுபவர் ஆண்டறிக்கை எழுதுகிறார். அதே பெயருள்ள பதவியில் இன்னொரு நிறுவனத்தில் இருப்பவர் கொதிகலன்களின் எரிபொருள் செலவைக் குறைக்கிறார். விளம்பரத்தைப் படித்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. உள்ளே இருப்பவரிடம் பத்து நிமிடம் பேசினால் தெரிந்துவிடும்.

விதிகளும் அடிக்கடி மாறுகின்றன. நிறுவனங்கள் தம் பசுமை இல்ல வாயு உமிழ்வை மூன்று வகையாகப் பிரித்துக் கணக்கிடும் முறையை, இதற்கான வழிகாட்டுதல்களை வகுக்கும் ஜிஎச்ஜி புரோட்டோகால் என்ற சர்வதேச முன்முயற்சி 2001-இல் வெளியிட்டது. நிலைத்தன்மை அறிக்கைகளுக்கென்று ஐஎஸ்எஸ்பி என்ற சர்வதேசத் தர வாரியம் அமைக்கப்படும் என்ற அறிவிப்பு 2021 நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டின்போது வந்தது. அதன் முதல் இரண்டு தரநிலைகள் 2023 ஜூனில் வெளியாயின. இப்படி ஒரு புதிய விதி வரும்போது அதை முதலில் கையாண்டு பார்த்தவர்கள் எங்கும் ஒரு சிலரே இருப்பார்கள். அவர்களில் ஒருவரையாவது உங்களுக்குத் தெரிந்திருப்பது பல மாத உழைப்பை மிச்சப்படுத்தும்.

நெருங்கிய நண்பர்கள் உதவுவார்களா, அல்லது லேசாக அறிமுகமானவர்களா?

சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இந்தக் கேள்விக்கு இன்றும் அடிப்படை. தொடர்புகள் மூலம் வேலை பெற்றவர்களிடம், தகவல் தந்தவரை அக்காலத்தில் எவ்வளவு அடிக்கடி சந்தித்தீர்கள் என்று அவர் விசாரித்தார். அடிக்கடி சந்திப்பவர் என்று சொன்னவர்கள் 16.7 விழுக்காடு மட்டுமே. அவ்வப்போது சந்திப்பவர் என்றவர்கள் 55.6 விழுக்காடு, அரிதாகச் சந்திப்பவர் என்றவர்கள் 27.8 விழுக்காடு. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்திருக்கும். லேசாக அறிமுகமானவர் வேறொரு வட்டத்தில் இருப்பதால், உங்கள் காதுக்கு எட்டாத செய்தி அவரிடம் இருக்கிறது.

லிங்க்டுஇன் தளத்தில் சுமார் 2 கோடி பேரின் தொடர்புகளை ஐந்து ஆண்டுகள் ஆராய்ந்து 2022-இல் வெளியான ஓர் ஆய்வு, இதை ஒரு திருத்தத்தோடு உறுதிசெய்தது. முற்றிலும் அந்நியமானவர்களைவிட, ஓரளவு பொதுவான நண்பர்கள் உள்ள அறிமுகங்களே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவின. எனவே முன்பின் தெரியாத ஆயிரம் பேரைப் பட்டியலில் சேர்ப்பதைவிட, ஏற்கெனவே தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்களில் ஐம்பது பேரோடு உண்மையாகப் பேசியிருப்பது மேல்.

என் நாட்டவர், என் மொழிக்காரர்கள் இருக்கும் குழுவே போதாதா?

தொடக்கத்துக்கு அது மிக நல்லது. வீடு, வங்கிக் கணக்கு, குடியிருப்பு அனுமதி, பிள்ளைகளின் பள்ளி ஆகியவற்றில் அவர்கள் தரும் உதவியை வேறு யாரும் தர முடியாது. பட்டச் சான்றிதழை எந்த அலுவலகத்தில் சரிபார்க்க வேண்டும் என்று முதல் வாரத்திலேயே சொல்லித் தருபவர்களும் அவர்கள்தான். ஆனால் மேலே சொன்ன ஆய்வுகளின் தர்க்கப்படி, அந்தக் குழுவில் சுற்றும் செய்தி எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கிடைக்கிறது. ஒரே காலியிடத்துக்கு அங்கிருந்தே இருபது பேர் விண்ணப்பிக்கிறார்கள். அந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த பொறியாளர்களும் வேறு நாடுகளிலிருந்து வந்தவர்களும் இருக்கும் குழு ஒன்றிலாவது நீங்கள் உறுப்பினராக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இத்தகையவர்களை எங்கே சந்திக்கலாம்?

உலக அளவில் சில நகரங்கள் இத்துறையின் கூடுமிடங்களாக அமைந்துவிட்டன. ஐரீனாவின் தலைமையகம் அபுதாபியில் இருக்கிறது. உலக எதிர்கால எரிசக்தி மாநாடு அங்கே 2008 முதல் நடக்கிறது. ஐ.நா. பருவநிலை உடன்படிக்கையின் செயலகம் 1996 முதல் ஜெர்மனியின் பான் நகரில் இயங்குகிறது. சூரிய மின்துறைக்கான இன்டர்சோலார் கண்காட்சி மியூனிக்கில் நடைபெறுகிறது. இவற்றுக்கு அருகில் வேலை பார்ப்பவர்கள் அந்த வாய்ப்பை நழுவவிடக் கூடாது. பருவநிலை மாநாடுகளின் பேச்சுவார்த்தை வளாகத்துக்குள் தனிநபராக விண்ணப்பித்து நுழைய முடியாது என்பதை மட்டும் முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். அனுமதி பெற்ற பார்வையாளர் அமைப்போ அரசுக் குழுவோ உங்களை முன்மொழிய வேண்டும்.

ஆனால் பெரிய கண்காட்சிகளைவிட, மாதம் ஒருமுறை முப்பது பேர் கூடும் உள்ளூர்க் கிளைக் கூட்டங்களையே நான் அதிகம் பரிந்துரைப்பேன். உலகப் பசுமைக் கட்டட மன்றத்தோடு இணைந்த தேசிய மன்றங்கள் 70-க்கும் மேல் இருக்கின்றன. குளிரூட்டல், காற்றோட்டப் பொறியாளர்களுக்கான ஆஷ்ரே, மின்பொறியாளர்களுக்கான ஐஇஇஇ ஆகியவற்றுக்குப் பல நாடுகளில் கிளைகள் உண்டு. ஒரே முகத்தை மூன்றாவது முறை பார்க்கும்போதுதான் பேச்சு இயல்பாகிறது. அது ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் கண்காட்சியில் நிகழ்வதில்லை.

பலர் கவனிக்காத இன்னொரு வாயிலும் இருக்கிறது. பருவநிலை மாற்றம் குறித்த அரசுகளுக்கிடையிலான குழுவான ஐபிசிசி தன் அறிக்கைகளின் வரைவை நிபுணர்களின் மதிப்பாய்வுக்கு அனுப்புகிறது. துறை அறிவு இருப்பதாகத் தாமே உறுதிமொழி அளித்து மதிப்பாய்வாளராகப் பதிவுசெய்துகொள்ளலாம். தேசியத் தரநிலை அமைப்புகளும் வரைவுகளைப் பொதுமக்கள் கருத்துக்கு வைக்கின்றன. ஒரு பத்தியைப் படித்து, பிழையைச் சுட்டிக்காட்டி, திருத்தத்தைத் தெளிவாக எழுதி அனுப்புபவர் அந்தக் குழுவினரின் நினைவில் நிற்கிறார்.

கூட்டத்தில் யாரிடம் எதைப் பேசுவது? எனக்குக் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை.

வேலையைப் பற்றிப் பேசுங்கள். அதுவும் ஒரு குறிப்பிட்ட சிக்கலைப் பற்றி. என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். இரண்டாவது நாட்டுக்குச் சென்ற புதிதில் ஒரு பெரிய கண்காட்சியில் இரண்டு நாட்களில் நாற்பது பேருக்கு முகவரி அட்டை கொடுத்தேன். பிறகு எழுதிய மின்னஞ்சல்களுக்கு ஒருவர்கூடப் பதில் எழுதவில்லை. அதே மாதத்தில் ஒரு தொழிற்சாலைக் கூரையில் அமைந்த சூரிய மின்நிலையத்தைப் பார்க்கப் பன்னிரண்டு பேர் கொண்ட குழுவோடு போயிருந்தேன். பராமரிப்புப் பொறுப்பாளர் ஒரு தகட்டின் மேல் விரலை வைத்து இழுத்தார். கண்ணாடியில் விரல் அகலத்துக்குக் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது, அதன் இருபுறமும் மாவு போலத் தூசி. எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவுகிறீர்கள் என்று கேட்டேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை என்றார். அது போதுமா என்பதை எப்படி முடிவு செய்தீர்கள் என்று கேட்டபோது, வழக்கம் அப்படித்தான் என்றார்.

கழுவிய நாளுக்கு முன்னும் பின்னும் கிடைத்த உற்பத்தியை, அன்றைய வெயிலின் அளவோடு ஒப்பிட்டு, தூசியால் ஏற்படும் இழப்பையும் தண்ணீர், ஆள்கூலிச் செலவையும் அருகருகே காட்டும் ஓர் எக்ஸெல் தாளை நான் முன்பே தயாரித்து வைத்திருந்தேன். அன்றிரவே அதை அவருக்கு அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துத் தம்முடைய எண்களை நிரப்பித் திருப்பி அனுப்பியிருந்தார். என் சூத்திரத்தில் இருந்த ஒரு பிழையையும் திருத்தியிருந்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, எங்கும் விளம்பரமாகாத ஒரு பணியிடத்தைப் பற்றி எனக்குச் சொன்னவர் அவர்தான். அவருடைய முகவரி அட்டை என்னிடம் இன்றுவரை இல்லை.

முன்பின் தெரியாத ஒருவருக்கு முதல் செய்தியை எப்படி எழுதுவது?

சுருக்கமாகவும், அவர் ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய விதத்திலும் எழுதுங்கள். எடுத்த எடுப்பிலேயே வேலை கேட்காதீர்கள், சுயவிவரத்தை இணைக்காதீர்கள். நான் ஒருமுறை பெற்று, அன்றே பதில் எழுதிய செய்தி ஏறக்குறைய இப்படி இருந்தது: "வணக்கம். சென்ற வாரக் கூட்டத்தில் மின்கலச் சேமிப்பின் தீப் பாதுகாப்பைப் பற்றி நீங்கள் பேசியதைக் கேட்டேன். கொள்கலன்களுக்கு இடையே விடவேண்டிய தூரத்தைப் பற்றி எங்கள் திட்டத்திலும் இதே விவாதம் நடக்கிறது. தீயணைப்புத் துறையிடம் நீங்கள் முதலில் வரைபடத்தைக் கொடுத்தீர்களா, அல்லது சோதனை அறிக்கையைக் கொடுத்தீர்களா? நாங்கள் வரைபடத்தைக் கொடுத்து இரண்டு மாதம் இழந்தோம்." இதை எழுதியவர் என் பேச்சைக் கவனித்திருக்கிறார், கேள்வி தெளிவாக இருக்கிறது, தம் அனுபவத்தையும் பகிர்ந்திருக்கிறார். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.

உள்ளூர் மொழி எனக்கு வராது. கூச்ச சுபாவமும் உண்டு. என்ன செய்வது?

பொறியியல் ஆவணங்கள் ஆங்கிலத்தில் இருக்கும் நாடுகளில்கூட, நகராட்சி அலுவலகத்திலும் கட்டுமானத் தளத்திலும் உள்ளூர் மொழியே ஆளுகிறது. முழுத் தேர்ச்சி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வேலைக்குரிய ஐம்பது சொற்களை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். கம்பி, இணைப்புப் பெட்டி, கசிவு, அனுமதி, தாமதம் ஆகிய சொற்களை அவர்கள் மொழியில் சொல்லும் வெளிநாட்டவரைத் தளத்தில் இருப்பவர்கள் உடனே தங்களோடு சேர்த்துக்கொள்கிறார்கள்.

கூச்சம் உள்ளவர்களுக்கு நான் தரும் யோசனை, ஏதேனும் ஒரு பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதே. வருகைப் பதிவேட்டை வைத்திருப்பவரிடம் எல்லாரும் வந்து பேசுகிறார்கள். கூட்டக் குறிப்பை எழுதி அனுப்புபவரின் பெயர் எல்லாருடைய மின்னஞ்சலிலும் இருக்கிறது. தாமாகச் சென்று அறிமுகம் செய்துகொள்ளும் சுமை இதனால் பெரிதும் குறைகிறது.

சான்றிதழ்கள் தொடர்புகளைத் தருமா?

சான்றிதழ் தராது, அதற்காகச் செல்லும் வகுப்புகள் தரும். லீட் பசுமைக் கட்டடச் சான்று பெற்றவர்கள் அதைப் புதுப்பிக்க, சான்றின் நிலைக்கேற்ப, இரண்டு ஆண்டுகளுக்கு 15 அல்லது 30 மணி நேரம் தொடர்கல்வி பெற வேண்டும். அந்த நேரத்தைத் தனியே திரையின் முன் கழிக்காமல் நேரடி வகுப்புகளில் செலவிடலாம். காற்றாலைப் பணியாளர்களுக்கான ஜிடபிள்யூஓ பாதுகாப்புப் பயிற்சியில், உயரத்திலிருந்து ஒருவரை மீட்கும் பாடத்தைச் சேர்ந்து செய்தவர்கள் நெடுநாள் தொடர்பில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எண்ணெய், எரிவாயுத் துறையிலிருந்து வருகிறேன். என்னை ஏற்றுக்கொள்வார்களா?

ஏற்றுக்கொள்வார்கள். கடலடிக் கம்பிவட வேலை தெரிந்தவர்களைக் கடல்சார் காற்றாலைகளும், துளையிடும் பணி தெரிந்தவர்களைப் புவிவெப்ப மின்திட்டங்களும் தேடுகின்றன. டென்மார்க்கின் டாங் எனர்ஜி நிறுவனமே எண்ணெய், எரிவாயுத் தொழிலை விற்றுவிட்டு 2017-இல் ஓர்ஸ்டெட் என்று பெயர் மாற்றிக்கொண்டு காற்றாலைத் துறையில் முன்னணிக்கு வந்தது. உங்கள் பழைய தொடர்புகளைத் துறந்துவிட வேண்டாம்; அவர்களில் பலர் உங்களுக்கு முன்பே இந்தப் பக்கம் வந்திருப்பார்கள்.

பெண்களுக்குத் தனி அமைப்புகள் உள்ளனவா?

உள்ளன, அவற்றின் தேவையும் உண்மையானது. ஐரீனா 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி புதுப்பிக்கத்தக்க எரிசக்திப் பணியாளர்களில் பெண்கள் 32 விழுக்காடு. எண்ணெய், எரிவாயுத் துறையின் 22 விழுக்காட்டைவிட இது கூடுதல் என்றாலும் பாதிக்கு வெகு தொலைவில் இருக்கிறது. வியன்னாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஜிடபிள்யூநெட் அமைப்பு, எரிசக்தித் துறையில் உள்ள பெண்களுக்கு அனுபவசாலிகளின் வழிகாட்டுதலை நாடு கடந்து ஏற்பாடு செய்கிறது. கணவரின் வேலைக்காக நாடு மாறி, தம் வேலையில் இடைவெளி விழுந்த பெண்கள் பலர் இத்தகைய வழிகாட்டுதல் மூலம் மீண்டும் துறைக்குள் வந்திருக்கிறார்கள். துணையாக வருபவருக்கு வேலை செய்யும் அனுமதி உண்டா என்பதை நாட்டை மாற்றுவதற்கு முன்பே உறுதிசெய்துகொள்வது அவசியம்.

என் விசா என் வேலையோடு இணைந்திருக்கிறது. வேலை போனால் தொடர்புகள் உதவுமா?

உதவும், ஆனால் முன்பே இருந்திருந்தால் மட்டுமே. அமெரிக்காவின் எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனபின் அதிகபட்சம் 60 நாட்கள் கிடைக்கின்றன. உயர்திறன் பணியாளர்களுக்கு ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் தரும் நீல அட்டை என்ற பணி அனுமதியின் விதிகளை 2021-இல் திருத்தியபோது, அட்டை பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகாதவருக்கு மூன்று மாதமும், ஆனவருக்கு ஆறு மாதமும் வேலையின்றி இருக்க இடமளித்தார்கள். நேர்காணல், தேர்வு, புதிய அனுமதி எல்லாம் இந்தக் காலத்துக்குள் முடிய வேண்டும். அந்நியர்களோடு பழகத் தொடங்க அது போதாது. பசுமைத் துறையில் ஒரு மானியம் நிறுத்தப்பட்டாலோ ஓர் ஏலம் தள்ளிப்போனாலோ நல்ல நிறுவனங்களும் ஆட்குறைப்புச் செய்கின்றன. அது உங்கள் திறமையின் குறை அன்று. வேலை போனதை மறைக்காமல், எந்தத் தேதிக்குள் எத்தகைய பணி வேண்டும் என்று தெரிந்தவர்களிடம் அதே வாரத்தில் தெளிவாகச் சொல்லுங்கள். மறைத்து வைத்து ஐந்தாவது வாரத்தில் சொன்னவர்களுக்கு உதவ விரும்பியும் முடியாமல் போன வருத்தம் எனக்கு உண்டு.

போட்டி நிறுவனத்தில் இருப்பவர்களோடு எவ்வளவு பேசலாம்?

பொதுவில் வெளியான விதி, தரநிலை, பாதுகாப்பு அனுபவம், கருவியின் பொதுவான பழுதுகள் ஆகியவற்றைத் தயங்காமல் பேசலாம். ஏலத் தொகை, வாடிக்கையாளர் பட்டியல், வெளியிடப்படாத திட்டங்கள் ஆகியவற்றைப் பேசக் கூடாது. போட்டியாளர்கள் ஏலத் தொகையைப் பகிர்ந்துகொள்வது பெரும்பாலான நாடுகளில் சட்டவிரோதம். முன்பு நான் சொன்ன எக்ஸெல் தாளிலும் எந்த நிறுவனத்தின் எண்ணும் இருக்கவில்லை, கணக்கிடும் முறை மட்டுமே இருந்தது.

கூட்டங்களுக்காக விமானத்தில் பறப்பது நம் கொள்கைக்கு முரண் அல்லவா?

இந்தக் கேள்வி வருவதே எனக்கு மகிழ்ச்சி. ஆண்டுக்கு ஒரே ஒரு நெடும்பயணம் என்று வரையறுத்துக்கொண்டு, அந்தப் பயணத்தில் கூட்டம், தள ஆய்வு, நேரடிச் சந்திப்புகள் எல்லாவற்றையும் இணைத்துக்கொள்கிறேன். மற்றவை காணொளியில் நடக்கின்றன. முதல் சந்திப்பு நேரில் நடந்துவிட்டால், அதன்பின் காணொளி போதுமானதாக இருக்கிறது.

மற்றொரு நாட்டுக்கு மாறப்போகிறேன். இங்கே உருவான தொடர்புகளை என்ன செய்வது?

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே தெரிவியுங்கள். புறப்பட்ட பிறகு மொத்தமாக ஒரு செய்தி அனுப்புவது போதாது. நிறுவன மின்னஞ்சல் முகவரி கடைசி நாளன்று முடங்கிவிடும் என்பதால், சொந்த முகவரியை முன்கூட்டியே கொடுத்துவையுங்கள். உங்கள் இடத்துக்கு வருபவரை இரண்டு மூன்று பேருக்கு நேரில் அறிமுகம் செய்துவைத்தால், அவர்கள் உங்களையும் மறப்பதில்லை.

நான் இரண்டாவது நாட்டை விட்டுக் கிளம்பியபோது எட்டுப் பக்கங்களில் ஒரு குறிப்பு எழுதினேன். எந்த அலுவலகத்தில் எந்தக் கிழமை கூட்டம் குறைவு, மின்னிணைப்பு விண்ணப்பத்தில் வழக்கமாகத் திருப்பி அனுப்பப்படும் நான்கு இடங்கள் எவை, கிளைக் கூட்டத்தில் புதியவர்களிடம் பொறுமையாகப் பேசுபவர்கள் யார் என்பவை அதில் இருந்தன. பெயர் குறிப்பிட்ட ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே சம்மதம் கேட்டிருந்தேன். அந்தக் குறிப்பு இப்போது நான் அறியாத ஒருவரின் கையில் பதினான்கு பக்கங்களாக வளர்ந்திருக்கிறது. சென்ற ஆண்டு அவர் அதில் ஒரு சந்தேகம் கேட்டு எனக்கு எழுதினார்.